எட்டாம் நம்பர் சட்டைக்காக நான் பேசிய நியாயம்

பேஸ்பால் ஆட்டத்தில் யார் பெரிய ஆட்டக்காரர் என்று என்னை யாரும் கேட்க வேண்டியதில்லை. கேட்காமலேயே சொல்லுவேன். கேட்டுவிட்டால் கொஞ்சம் நீளமாகச் சொல்லுவேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள் நான். பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கிற ஊர்ப்பெயரை நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் அந்த ஊருக்கே போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் எண்கள் அப்படியில்லை. எண்கள் எனக்குச் சொன்னபடி கேட்கும். அந்தத் திமிரில் பட்ட அவமானத்தைத்தான் இங்கே சொல்லுகிறேன்.

அப்போது துபாயில், கராமாவில், மகன் வீட்டில் இருந்தேன். மெட்ரோ ரயில் இன்னும் வரவில்லை. எங்களுக்கு எதிர் ஃபிளாட்டில் ஒன்பது ஆண்கள் சேர்ந்து தங்கியிருந்தார்கள். எல்லோருக்கும் அல் கூஸில் ஒரே கம்பெனியின் வேர்ஹவுஸில் வேலை. ஒன்பது பேரும் தமிழ் பேசுகிறவர்கள், ஒன்பது பேருக்கும் சோறு வடிக்கத் தெரியாது. மகனும் மருமகளும் டூட்டிக்குப் போனபிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. நான் சமைத்துப் போடுகிறேன் என்று நானாகவே போய்ச் சொன்னேன். என் சமையலைப் பற்றி நானே சொல்லக்கூடாதுதான். மற்றவர்கள் சரியாகச் சொல்வதில்லை என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது. நன்றாக இருக்கும்.

ஒன்பது பேரில் ஒருவன் பேராவூரணிக்காரன். எங்கள் பட்டுக்கோட்டைக்குப் பக்கம். அவன் வாயைத் திறந்தால் எங்கள் ஊர்ச் சந்தையில் நிற்பது போலிருக்கும். அதனால் அவன் சாப்பாட்டுத் தட்டில், சோற்றுக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல் ஒரு முட்டை இருக்கும். இதை ஓரவஞ்சனை என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். நான் ஊர்ப்பாசம் என்று சொல்லிக்கொண்டேன்.

இன்னொருவர் கள்ளக்குறிச்சிக்காரர். முப்பத்துநான்கு வயது. ஒல்லி, பேச்சு குறைவு. பேசினால் ஊசி. நான் சமைத்துப் போட்ட முதல் நாளே, எட்டுப் பேரை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "குழம்பு நல்லாத்தான் இருக்கும்மா. எந்த எழவு வீட்டுக்கு வெச்சது?"

எழவு வீட்டுக் குழம்பைத் தாளிக்க மாட்டார்கள். அன்றைக்கு நான் தாளிக்க மறந்திருந்தேன் என்பது உண்மை. உண்மையாக இருந்ததால்தான் அவ்வளவு கோபம் வந்தது. எட்டுப் பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்த ஆளை 'வாங்க, போங்க' என்று கூப்பிட ஆரம்பித்தேன். எனக்குப் பிடித்தவர்கள் எல்லோரும் 'டா'தான். நான் ஒருவருக்கு மரியாதை கொடுத்தால் அவர் எனக்கு ஆகாதவர் என்று அர்த்தம். மீன் வாங்கிய நாளில் வால் துண்டு அவருக்குத்தான் போகும். அவர் அதைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், தின்றுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவார்.

அந்தக் கம்பெனியின் மேனேஜர் அமெரிக்கக்காரர். அவருக்குத் தன் ஊர் ஆட்டத்தின் ஞாபகம் வந்துவிட்டது. ஊரிலிருந்து பேட், பந்து, தோல் கையுறை, முகத்துக்கு மாட்டுகிற கம்பிக் கூடு எல்லாவற்றையும் பெட்டி பெட்டியாக வரவழைத்தார். குளிர்காலம் முழுக்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு அணிகள் ஆட வேண்டும் என்றார். ஆபீஸ் ஒரு அணி, டிரைவர்கள் ஒரு அணி, பிலிப்பினோக்கள் ஒரு அணி, எங்கள் ஒன்பது பேர் வேர்ஹவுஸ் அணி. பிலிப்பினோக்களுக்கு இந்த ஆட்டம் பிறந்ததிலிருந்து தெரியும். எங்கள் ஆட்களுக்குக் கிரிக்கெட்தான் தெரியும். முதல் நாள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற தம்பி பந்தை அடித்துவிட்டுப் பேட்டையும் தூக்கிக்கொண்டு ஓடினார். முதல் மூலையில் பேட்டை நீட்டித் தரையைத் தொட்டுவிட்டுத் திரும்பி ஓடியும் வந்துவிட்டார். மேனேஜர் தலையில் கைவைத்து உட்கார்ந்ததை நானே பார்த்தேன்.

நான் எப்படிப் பார்த்தேன் என்றால், வெள்ளிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் வியர்த்த சட்டையை மாற்றிக்கொண்டு வருவார்கள், அங்கேயே சாப்பாடு. பாத்திரங்களோடு நானும் கம்பெனி பிக்கப்பில் போய்விடுவேன். வேர்ஹவுஸுக்குப் பின்னால் வெறும் மணல் திடல். நாலு மூலைக்கும் மணல் நிரப்பிய சாக்கு. அடிக்கிற இடத்துக்கு நேர் பின்னால், தூரத்தில், ஒரு கண்டெய்னரின் நிழலில் பழைய லாரி டயர் கிடந்தது. அதுதான் என் ஆசனம். அங்கிருந்து பார்த்தால் எல்லோரும் கொஞ்சம் கலங்கலாகத் தெரிவார்கள். மகன் வாங்கிக் கொடுத்த கண்ணாடி கைப்பையில் இருந்தது. கண்ணாடி போட்டால் வயதானவள் மாதிரி இருக்கும் என்று போடுவதில்லை. அறுபத்துமூன்று வயதில் வேறு எந்த மாதிரி இருக்க ஆசைப்பட்டேன் என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை.

கண் கலங்கினாலும் எண்கள் தெரியும். ஏனென்றால் அவற்றைத் தைத்தவளே நான். கம்பெனி கொடுத்தது வெறும் சிவப்பு டீ ஷர்ட். பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து, ஒன்று முதல் ஒன்பது வரை ஒரு முழ உயரத்துக்கு வெட்டி, முதுகில் நான்தான் தைத்துக் கொடுத்தேன். எட்டை மட்டும் யாரும் வாங்கவில்லை. எட்டு சனியோட எண்ணாம், ஆகாதாம். அரபு நாட்டு வெயிலில் மூட்டை தூக்குகிறவர்களைச் சனி இன்னும் என்ன செய்துவிடப்போகிறார் என்று கேட்டேன். கடைசியில் நான் பேராவூரணிக்காரன் கையில் அதைத் திணித்தேன். "நான் தெச்சதுடா, ஒண்ணும் ஆவாது, போடு," என்றேன். வாங்கிக்கொண்டான். கள்ளக்குறிச்சிக்காரருக்கு ஐந்து.

ஆட்டம் ஆரம்பித்தது. எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. ஒருவன் எறிகிறான், ஒருவன் அடிக்கிறான், எல்லோரும் ஓடுகிறார்கள், அமெரிக்கக்காரர் மட்டும் ஏதோ கத்துகிறார். இரண்டு வாரம் போனபிறகுதான் என் கண்ணுக்கு நேராக ஒருவன் இருப்பது உறைத்தது. அடிக்கிறவனுக்குப் பின்னால் குந்திக்கொண்டு, முகத்துக்குக் கம்பிக் கூடு, நெஞ்சுக்குப் பலகை மாதிரி ஒரு கவசம் போட்டுக்கொண்டு, வருகிற ஒவ்வொரு பந்தையும் வாங்குகிறவன். எனக்கு அவன் முதுகு மட்டும்தான் தெரியும். முதுகில் எட்டு.

என் பிள்ளை, என்று நினைத்தேன். நெஞ்சு நிமிர்ந்தது. டயரில் நிமிர்ந்து உட்காருவது சுலபமில்லை.

அதற்குப் பிறகு வேறு யாரையும் நான் பார்க்கவில்லை. எட்டு தொடைக்கு நடுவில் விரலைக் காட்டும். கீழக்கரைத் தம்பி, அவர்தான் எங்கள் அணிக்குப் பந்து எறிகிறவர், தலையாட்டிவிட்டு எறிவார். அப்படியென்றால் எங்கே எறிவது என்று சொல்லிக்கொடுப்பதே இவன்தான் என்று நானாகவே கண்டுபிடித்தேன். மண்ணில் குத்தி எகிறும் பந்தை நெஞ்சால் நிறுத்துவான். யாராவது மூலையிலிருந்து மூலைக்குத் திருட்டுத்தனமாக ஓடினால் குந்தியிருந்தவன் அம்பு மாதிரி எழுந்து எறிவான். ஆட்டம் தொடங்கினால் அவனுக்கு இடுப்பு நிமிர நேரமில்லை. அடுப்படியில் நிற்கிறவளுக்கு இது புரியாதா?

ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது. வீட்டில் பார்த்தால் பேராவூரணிக்காரன் கன்னம் உப்பி, வாராவாரம் கொஞ்சம் பெருத்துக்கொண்டே வந்தான். மைதானத்தில் பார்த்தால் எட்டு ஒல்லியாக இருந்தது. கண்ணாடியைப் போட்டுப் பார்த்திருக்கலாம். நான் போட்ட கணக்கு வேறு. பிள்ளை ஆட்டத்தில் உருகுகிறான் என்று முடிவுசெய்து, சோற்றுக்கு அடியில் இரண்டாவது முட்டையையும் வைத்தேன்.

சாப்பிடும்போது ஆட்டத்தைப் பற்றித்தான் பேச்சு. நானும் கலந்துகொள்வேன். ஆனால் ஊர்க்காரனைத் தூக்கிப் பேசுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. அதில் எனக்கு ரோஷம் உண்டு. அதனால் ஆளைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்லுவேன். எட்டு இன்னைக்கு எப்படிப் பிடிச்சுது பாத்தீங்களா, எட்டு இல்லாட்டி நீங்க எல்லாம் எங்கே என்பேன். கூடவே, கள்ளக்குறிச்சிக்காரர் காதில் விழட்டும் என்று, ஐந்தாம் நம்பரையும் ஒரு பிடி பிடிப்பேன். ஐந்து எப்போதும் தூரத்தில், பந்தே போகாத மூலையில், ஆட்டத்துக்கே முதுகைக் காட்டிக்கொண்டு, பத்திரிகை வைக்காத கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி நின்றுகொண்டிருக்கும். ஒருமுறை பந்து அந்தப் பக்கம் போனபோது ஐந்து அதற்கு வழிவிட்டது. அதை இரண்டு நாளைக்குப் பேசினேன்.

நான் இப்படிப் பேசும்போது ஏழு பேர் சிரிப்பார்கள், பேராவூரணிக்காரன் குனிந்து சாப்பிடுவான். அடக்கம் என்று நினைத்தேன். கள்ளக்குறிச்சிக்காரர் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். பிறகு ஒரு புதுப் பழக்கம் ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை தோறும் நான் கேட்காமலேயே வந்து, சோற்றுக் குண்டானை மாடியிலிருந்து பிக்கப் வரைக்கும் தூக்கிக்கொண்டு போவார். மீனில் நடுத்துண்டுக்கு அடிபோடுகிறார் என்று நினைத்தேன். அவ்வளவு சுலபமாக மடங்குகிறவளா நான்? வால்தான் போட்டேன்.

அந்த மனிதருக்கு ஊரில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை ஃபிளாட்டில் எல்லோரும் அறிவோம். துபாய் மாப்பிள்ளையை நேரில் பார்க்காமல் எப்படி என்று ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. மூன்றாவது, சங்கராபுரம் பக்கம் ஒரு பெண். மாசி முடிவதற்குள் மாப்பிள்ளை வந்து நின்றால் கை நனைத்துச் சம்பந்தத்தை உறுதி செய்வோம், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அவருடைய லீவோ ஆடியில்தான் வரும். முன்னதாகவே தரச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார், கம்பெனி மாஃபி, கிடையாது என்றுவிட்டது. இந்த வாய்க்கு எவள் கழுத்தை நீட்டுவாள் என்று மருமகளிடம் நான் சொன்னதும் உண்டு. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மாசி பிறந்த இரண்டாம் வாரம் எங்கள் அணி ஜெயித்தது. கடைசி ஆட்டம் பிலிப்பினோக்களோடு. ஒரு ஓட்டம் மட்டும் முன்னால் இருந்தோம். அவர்கள் ஆள் மூன்றாம் மூலையிலிருந்து காளை மாதிரி ஓடி வருகிறான். பந்தும் வருகிறது. எட்டு நகரவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் வந்து அதன்மேல் விழுந்தன. மணல் புகையாக எழும்பியது. புகை அடங்கியபோது எட்டு மல்லாந்து கிடந்தது, கையுறைக்குள் பந்து இருந்தது, ஓடி வந்தவன் அவுட். நான் டயரிலிருந்து எழுந்து நின்று கைதட்டினேன். பக்கத்தில் இருந்த பருப்புப் பாத்திரம் சாய்ந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

ஜெயித்ததும் மேனேஜர் ஒரு அறிவிப்பு செய்தார். அமெரிக்காவில் ஒவ்வொரு வருஷமும் ஆட்டம் முடிந்தபின் எல்லோரையும்விட மதிப்பான ஆட்டக்காரர் என்று ஒருவருக்குப் பட்டம் கொடுப்பார்களாம். அதை எம்.வி.பி. என்பார்களாம். ஜெயித்த அணி தங்களுக்குள் பேசி, ஒன்பது பேரும் ஒத்துக்கொண்டு ஒரே ஒரு பெயரை எழுதி அடுத்த வாரச் சனிக்கிழமை காலை கொடுக்க வேண்டும். அந்த ஆளுக்குப் பதினைந்து நாள் லீவு, உடனே, போக வர டிக்கெட்டோடு. ஒத்துப்போக முடியாவிட்டால் பரிசு ஆபீஸ் அணிக்குப் போய்விடும்.

ஒன்பது தமிழர்கள் ஒரு பெயரில் ஒத்துப்போவதா? அமெரிக்கக்காரருக்கு எங்களைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம், தொழுகை முடிந்து கீழக்கரைத் தம்பி வந்தபிறகு, எதிர் ஃபிளாட்டின் கூடத்தில் பேப்பரை விரித்துச் சாப்பாடு போட்டேன். பேச்சு ஆரம்பமாகிவிட்டது. நாலு பேர் ஃபோர்க்லிஃப்ட் தம்பி பக்கம். அவர் அடித்த அடியில் ஒரு பந்து அடுத்த கம்பெனியின் கூரையில் இன்னும் கிடக்கிறது என்றார்கள். நாலு பேர் கீழக்கரைத் தம்பி பக்கம். இவர் எறிந்து எதிரணியை அடக்காவிட்டால் அவர் அடித்து என்ன பிரயோஜனம் என்றார்கள். இதில் அந்த இரண்டு பேரும் தங்களுக்குத் தாங்களே ஒரு ஓட்டு. கள்ளக்குறிச்சிக்காரர் எந்தப் பக்கமும் இல்லை. எனக்கு எதுவும் வேண்டாம், நீங்களே பேசி முடியுங்கள் என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்ள அவருக்கு வாய் வரவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. ஐந்தாம் நம்பருக்கு எதற்குப் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. ரசம் ஆறிப்போனது. ஆபீஸ்காரனுக்கே போகட்டும், கலாஸ், முடிந்தது என்று ஒருவர் எழுந்துவிட்டார். அப்போதுதான் நான் கரண்டியோடு நடுவில் போய் நின்றேன்.

"நான் ஒண்ணு கேக்குறேன். அடிக்கிறவரு எத்தன தடவ அடிக்க வர்றாரு? நாலு தடவ, அஞ்சு தடவ. மத்த நேரம்? எறியிறவரு எறிஞ்சா அவரு வேல முடிஞ்சுது. அந்தப் பந்து எங்க போவுது? எட்டாம் நம்பருகிட்ட. தப்பா எறிஞ்சாலும் அதுகிட்டதான், சரியா எறிஞ்சாலும் அதுகிட்டதான். எங்க எறியணும்னு வெரலக் காட்டுறது யாரு? கடைசி ஆட்டத்துல காள மாதிரி ஒருத்தன் வந்து விழுந்தானே, பந்த விட்டுச்சா எட்டு? நீங்க எல்லாரும் ஆட்டத்தப் பாத்து நிக்கிறீங்க. அது ஒண்ணுதான் உங்க எல்லாரையும் பாத்து உக்காந்திருக்கு. அது இல்லாம உங்களுக்கு ஆட்டமே கெடயாது."

முதலில் கீழக்கரைத் தம்பிதான் பேசினார்.

"அம்மா சொல்றது சரிதாங்க. அவரு காட்டுற எடத்துலதான் நான் எறியிறேன். நானா எறிஞ்சதெல்லாம் அடி வாங்கிருக்கு."

ஃபோர்க்லிஃப்ட் தம்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அம்மாவே சொல்றாங்கன்னா அதுக்கு மேல என்ன இருக்கு," என்றார். "நான் அடுத்த மாசம் எப்படியும் லீவுல போறேன். எட்டுன்னே எழுதுங்க." இவ்வளவு பெரிய மனசு எங்கள் அம்மாவுக்கு என்று யாரோ பின்னால் சொன்னது காதில் விழுந்தது. எதற்கு மனசு என்று புரியவில்லை. ஆனாலும் பாராட்டை நான் திருப்பி அனுப்புவதில்லை.

வெற்றியோடு அடுப்படிக்குப் போனேன். இனி ஒளித்து வைப்பானேன் என்று, வெந்த முட்டை ஒன்றைக் கரண்டியில் எடுத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்கப் பேராவூரணிக்காரனை நோக்கி நடந்தேன். அவன் முகம் வெளுத்திருந்தது. சந்தோஷத்தில் என்று நினைத்தேன். கரண்டி அவன் தட்டுக்கு மேலே வந்த அந்த நேரத்தில், கீழக்கரைத் தம்பி கள்ளக்குறிச்சிக்காரரின் முதுகில் ஓங்கித் தட்டினார்.

"எட்டு, எந்திரிங்கண்ணே. சங்கராபுரம் போறதுக்குப் பொட்டியக் கட்டுங்க."

வாழ்க்கையில் சில விஷயங்கள் எனக்கு மெதுவாகத்தான் புரியும். இது மட்டும் சட்டென்று புரிந்தது. ஒல்லி எட்டு. உப்பிய கன்னம். பந்துக்கு வழிவிட்ட ஐந்து. என் கரண்டி அப்படியே இடது பக்கம் திரும்பி, ஒரு ஆள் தாண்டி, கள்ளக்குறிச்சிக்காரர் தட்டில் முட்டையை இறக்கியது. முதலிலிருந்தே அங்கேதான் போய்க்கொண்டிருந்தேன் என்பது போல முகத்தை வைத்துக்கொண்டேன். மற்றவர்கள் கவனிக்கவில்லை. கவனித்தவர்கள் இரண்டே பேர். முட்டை கிடைக்காதவன் ஒருவன், கிடைத்தவர் ஒருவர்.

நான் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுச் சமையலறைக்கு வந்துவிட்டேன். பேராவூரணிக்காரன் பின்னாலேயே வந்தான். சட்டையை முதல் வாரமே மாற்றிக்கொண்டார்களாம். எட்டைப் போட்டால் சனி பிடிக்கும் என்று இவன் நடுங்க, 'எனக்கு இதுக்கு மேல என்ன வந்துடப்போவுது, குடு' என்று கள்ளக்குறிச்சிக்காரர் வாங்கிக்கொண்டாராம். நான் தைத்த சட்டையை மாற்றினது தெரிந்தால் திட்டுவேன் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லையாம்.

"நாலு மாசமா முட்டயத் தின்னியேடா. ஒரு வார்த்த சொல்லக்கூடாது?"

"நீங்க கேக்கவே இல்லயேம்மா," என்றான். "வெச்சீங்க. தின்னேன்."

அவனைத் துரத்திவிட்டுத் திரும்பினால் கதவருகில் கள்ளக்குறிச்சிக்காரர். கையில் தட்டு. முட்டை அப்படியே இருந்தது.

"சொல்லுங்க," என்றேன்.

"முட்ட வழி மாறி வந்துடுச்சும்மா."

"முட்டைக்கு என்ன வழி?"

"நான் பாத்தேன்." தட்டை என் பக்கம் நீட்டினார். "என்னைத்தான் சொல்றீங்கன்னு இத்தன நாளா நெனச்சிட்டிருந்தேன். நேரா சொல்ல ரோஷம், அதான் நம்பரச் சொல்றாங்கன்னு."

அப்போதுதான் சோற்றுக் குண்டான் ஞாபகத்துக்கு வந்தது. பதினைந்து வெள்ளிக்கிழமையாவது அதை அவர் மாடிப்படியில் தூக்கியிருப்பார். நான் அவருக்கு மீன் வாலாகப் போட்டுக்கொண்டிருந்தேன்.

உங்களைத்தான் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"பொய் சொல்லாதீங்கம்மா, உங்களுக்கு வராது. லெட்டர் இன்னும் எழுதல. அவங்க எல்லாம் நீங்க பேசினதுக்காகத்தான் விட்டுக்குடுத்தாங்க. அது வேற ஆளுக்குப் பேசினதுன்னா எனக்கு வேண்டாம். பொண்ணு வீட்டுல போய் நிக்கறப்ப உள்ள உறுத்தும்." தட்டை மேடையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் என் பெருமை தப்பிக்கும், அவர் பெயரை அவரே வேண்டாம் என்பார், பரிசு ஆபீஸுக்குப் போகும், மாசி போகும், சங்கராபுரமும் போகும். போய்ச் சொன்னால் நாளையிலிருந்து கராமா முழுக்க என்னைப் பார்த்துச் சிரிக்கும். நான் இரண்டு பாத்திரம் கழுவினேன். மூன்றாவதையும் கழுவினேன். அது ஏற்கெனவே கழுவினது. பிறகு கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு எதிர் ஃபிளாட்டுக்குப் போனேன்.

கண்ணாடியோடு என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன். டயர், முதுகு, எட்டு, முட்டை. முட்டை இரண்டானதையும் சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்கு முன்பே ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். கீழக்கரைத் தம்பிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் என்னைப் பார்த்து அத்தனை பேர் ஒரே நேரத்தில் சிரித்ததில்லை. நின்று வாங்கிக்கொண்டேன்.

ஆனால் ஃபோர்க்லிஃப்ட் தம்பி சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று கேட்டார். அவர் கட்சி ஆட்கள் மூன்று பேரும் தலையாட்டினார்கள்.

"ஆள் மாறிடுச்சுன்னா பேச்சும் மாறும்ல, அம்மா? மறுபடி மொதல்லேருந்து பேசுவோம்."

கள்ளக்குறிச்சிக்காரர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். நான்தான் சொன்னேன்.

"எதுக்கு மாறணும்? பந்தப் பிடிச்சது நெசமா இல்லயா? காள வந்து விழுந்தது நெசமா இல்லயா? நான் பாத்தது அத்தனையும் எட்டு செஞ்சது. எட்டுக்குள்ள யாருன்னு மட்டும்தான் தெரியல. இவருன்னு தெரிஞ்சிருந்தா நான் வாயே தொறந்திருக்க மாட்டேன். இவருக்கும் எனக்கும் ஆகாதுன்னு ஒங்களுக்கே தெரியும். ஆகாத ஆளுன்னு தெரியாமலே நாலு மாசம் ஒருத்தரப் புகழ்ந்திருக்கேன். இத விட நடுநிலம எங்கப்பா கெடைக்கும் ஒங்களுக்கு? அமெரிக்காவுலயாச்சும் கெடைக்குமா?"

இரண்டாவது முறை சிரிப்பு வந்தது. ஆனால் இது என் பக்கம் வந்த சிரிப்பு. முதலில் கையைத் தூக்கினவன் பேராவூரணிக்காரன். நாலு மாசத்து முட்டைக்கு அவன் செய்த ஒரே வேலை அதுதான். ஒவ்வொரு கையாகத் தூக்கினார்கள். ஃபோர்க்லிஃப்ட் தம்பி கடைசியில் தூக்கினார். "இனி யாரு அடிச்சாலும் கண்ணாடிய மாட்டிட்டுப் பாருங்கம்மா," என்றார். கீழக்கரைத் தம்பி அங்கேயே இங்கிலீஷில் கடிதம் எழுதினார். கள்ளக்குறிச்சிக்காரர் என் பக்கம் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார். நானும் அசைத்தேன். அதற்குமேல் இரண்டு பேருக்கும் பழக்கமில்லை.

செவ்வாய்க்கிழமை விமானம் ஏறினார். மாசி முடிய ஒன்பது நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை கீழக்கரைத் தம்பியின் செல்போனுக்கு அவர் பேசினார். எல்லோரும் பேசிவிட்டு என்னிடம் கொடுத்தார்கள்.

"என்னடா ஆச்சு?" என்றேன். 'டா' என்று எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது.

"கை நனச்சாச்சும்மா. என்ன பரிசு, எதுக்கு லீவு குடுத்தாங்கன்னு மாமனார் கேட்டாரு. அர மணி நேரம் வெளக்கிச் சொன்னேன், அவருக்குப் புரியல. கடைசில பொண்ணுதான் கேட்டுச்சு, எல்லாரும் முன்னாடி நின்னு அடிக்கிறப்ப நீங்க ஏன் பின்னாடி உக்காந்தீங்கன்னு."

"நீ என்ன சொன்ன?"

"அங்கதான் ஆளில்லன்னு சொன்னேன். சிரிச்சிடுச்சு."

அந்தக் கல்யாணத்தை முடித்து வைத்தது நான்தான் என்று அந்தக் கட்டடத்தில் நாலு மாடிக்கும் சொன்னேன். பலசரக்குக் கடையில் சொன்னேன். லிஃப்டில் நின்ற ஒரு மலையாளி அம்மாவுக்குப் பாதி கையாலேயே சொன்னேன். கீழக்கரைத் தம்பி எங்கே கேட்டாலும், 'ஆமா, கண்ணாடியக் கழட்டி வெச்சு முடிச்சாங்க' என்று சேர்த்துச் சொல்லுவார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

வைகாசியில் பத்திரிகை வந்தது. மஞ்சள் தடவிய பத்திரிகை, என் பெயருக்குத் தனியாகத் தபாலில் வந்தது. அதை ஒரு முழு மத்தியானம் உட்கார்ந்து எழுத்துக் கூட்டி வாசித்தேன். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், தாத்தாமார் பெயர், மண்டபத்துப் பெயர் எல்லாம் சரியாக இருந்தது. தங்கள் நல்வரவை விரும்பும் என்று போட்டு, அதற்குக் கீழே இருபத்திரண்டு பேரை அச்சடித்திருந்தார்கள். மேலிருந்து கீழே ஒருமுறையும், கீழிருந்து மேலே ஒருமுறையும் பார்த்தேன். என் பெயர் இல்லை. அச்சாபீஸ்காரர்கள் கவனமில்லாதவர்கள்.